பாக்கெட் இல்லாத பக்கம்

அப்பா எக்ஸ்ரே படத்தை இஸ்திரி வண்டியின் மேல் விரித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, புங்கமர இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்த இடத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டரு வலது பக்கம்னாரு. இதுல இடது பக்கம்ல கீது? வேற எவன் படத்தயாவது மாத்திக் குடுத்துட்டானுங்களா?"

அப்படியே இருந்துவிடக் கூடாதா என்கிற ஆசை அவர் குரலில் இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் அவர் பெயர்தான் அச்சாகியிருந்தது. முனியன், ஆண், வயது ஐம்பத்து மூன்று.

"படம் உன்னப் பாத்து நிக்குதுப்பா. எதிர்ல ஒரு ஆளு நின்னா அவரு வலது கை உனக்கு இடது பக்கம் வருமில்ல, அந்த மாதிரி."

அவருக்கு ஏறவில்லை. வண்டியில் யாருடையதோ ஒரு நீலச் சட்டை பாதி தேய்த்தபடி மல்லாந்து கிடந்தது. நான் அதைக் காட்டினேன்.

"இந்தச் சட்டைக்குப் பாக்கெட் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இது இன்னா கேள்வி?"

"இப்ப அது உன் எந்தக் கைப் பக்கம் கிடக்குது?"

குனிந்து பார்த்தார். பாக்கெட் அவருடைய வலது கையருகே இருந்தது. ஆயிரக்கணக்கான சட்டைகளை இப்படித்தான் மல்லாத்திப் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒரு நாளும் யோசித்ததில்லை. "அட, ஆமா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்ததும், பாக்கெட் இல்லாத பக்கத்தில், கழுத்துப் பட்டிக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தார்.

"அப்போ இங்க."

"ஆமாப்பா. அங்கதான்."

அந்த இடத்தில் துணியில் சுருக்கம் எதுவும் இல்லை. இருந்தும் விரலால் இரண்டு முறை நீவிவிட்டார். அப்புறம் கேட்டார்:

"ஏன் வலது பக்கம்?"

நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கி இரண்டாவது வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். நேர்முகத் தேர்வுகளில் எதையெதையோ கேட்டார்கள், சொன்னேன். அப்பா இத்தனை வருஷத்தில் என் படிப்பை நம்பிக் கேட்ட முதல் கேள்வி இது.

அப்பா பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி. நிலமெல்லாம் மனையானபோது, எந்த வயலில் தாத்தா நாற்று முடி சுமந்தாரோ அதே வயலில் எல்லைக்கல் நடும் வேலைக்கு அப்பா போனார். மீசை கூட முளைக்காத வயது. ஊர்ப் பேச்சை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. "அங்க இன்னா இருந்துச்சு, கால்ல சேறுதான்" என்பார். அப்புறம் முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடுகள் எழும்பியபோது கலவைச் சட்டி சுமந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தார், பட்டறையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தப் புங்கமரத்தடியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் மகளோடு போய் இருக்கப்போவதாக, வண்டியையும் பெட்டியையும் இந்த இடத்தையும் இவரிடம் விட்டுப் போனார். தான் கலவை சுமந்து கட்டிய அதே வீடுகளின் துணிகளை அப்பா தேய்க்க ஆரம்பித்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அதற்கப்புறம். குடியிருப்பது அம்பத்தூரில், பிழைப்பு முகப்பேரில்.

கரிப் பெட்டி ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். கொட்டாங்குச்சியைக் கொளுத்தி, கரியைக் கனிய வைத்து, மூடியைப் போட்டு, காற்றுப் பட ஒரு வீசு வீசித் தணலை எழுப்புவார். தள்ளுவது வலது கை. இடது கைக்கு வேறு வேலை: தண்ணீர் தெளிப்பது, துணியை இழுத்துப் பிடிப்பது, பெட்டி வரும் வழியில் சுருக்கத்தை விலக்குவது. பெட்டியை இடது கை தொட்டதே இல்லை. சிலிண்டரிலிருந்து டியூப் வரும் கேஸ் பெட்டி வந்து எல்லோரும் மாறியபோது அப்பா மட்டும் மாறவில்லை. "டியூப்பு இழுக்குது" என்றார்.

வலி ஆரம்பித்தது போன வருஷம் மழைக்கு முன்னால். வலது மார்பில், தோளுக்குக் கீழே. எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. இடது பக்கம் வலித்தால் இதயம், வலது பக்கம் வலித்தால் வாயு. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்து போனார். அதிலிருந்து ஸ்டாண்டில் எல்லோரும் இடது பக்கத்துக்குக் காவல் இருந்தார்கள். லேசாகக் குத்தினாலும் ஈ.சி.ஜி. எடுக்க ஓடினார்கள். வலது பக்கத்துக்குக் காவல் இல்லை. அப்பாவும் சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், பூண்டைச் சுட்டுத் தின்றார். "வலது கைல பெட்டி தள்றவனுக்கு வலது பக்கம் வலிக்காம?" என்று அதற்கொரு காரணமும் வைத்திருந்தார். அது நியாயமாகவே பட்டது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் இருமிய துண்டில் ரத்தம் இருந்தது. அதைத் துவைக்க எடுத்த அம்மாதான் பார்த்தார்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்த பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. வலது நுரையீரலின் மேல் பகுதியில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்.

"இப்ப ஒரே இடத்துல இருக்கு. மேல் பகுதிய மட்டும் எடுத்துடலாம். காப்பீட்டு அட்டையிலேயே நடந்துரும், செலவப் பத்திக் கவலப்பட வேண்டாம். ஆனா தள்ளிப் போட்டா இப்படியே ஒரே இடத்துல இருக்கும்னு நான் சொல்ல முடியாது."

"வலது பக்கமா அறுப்பீங்க?" என்றார் அப்பா.

"வலது பக்கம்தானே இருக்கு?"

அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதம் என்று நானும் டாக்டரம்மாவும் நினைத்துக்கொண்டோம். வருகிற திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள்.

நடுவில் இருந்த நாட்களில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றேன். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். கையில் போன். ஏன் வலது பக்கம்? தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன், ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து அட்டவணைகளைப் பார்த்தேன். அட்டவணை படிக்க எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும்.

வண்டியருகே அப்பாவுக்குத் தனியாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் செல்வகுமார் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது அதை விளக்கினார்.

"தோ பாரு. என் வலது பக்கம் ரோடு. பஸ்ஸு, லாரி எல்லாம் இந்தப் பக்கம்தான் பொகய வுட்டுகினு போவுது. பெட்டியும் வலது கைல. இடது பக்கம் இன்னா கீது? சொவுரு, மரம். கணக்கு கரீட்டா வருதா இல்லியா?"

செல்வகுமார் டீயை ஆற்றியபடி யோசித்தார். "அப்போ நீ மூக்குல வலது ஓட்டைல மட்டும்தான் மூச்சு வுட்டுகினு இருந்தியா அண்ணாத்தே?"

"டேய், கம்முனு கெட."

"இல்ல, டவுட்டுதான் கேட்டேன். ஆட்டோல எனக்கு ரெண்டு பக்கமும் பொக அடிக்குது. அப்போ எனக்கு ரெண்டும் பூடுமா?"

தேய்த்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். அம்மாவின் பெயர் நாகவல்லி. காலையில் மூன்று வீடுகளில் வேலை செய்துவிட்டு மதியம் வண்டிக்கு வருவார்.

"பஸ்ஸு பொக, லாரி பொக எல்லாத்தயும் கணக்குல சேத்துக்கோ. பீடிய மட்டும் சேத்துக்காதய்யா."

"அத வுட்டு எம்மாங் காலம் ஆவுது!"

"நீதான் சொல்லணும் அத. தோ நிக்கறாளே பானு, இவ இஸ்கூல் போக சொல்லோ வுட்டேன்னு சொல்லுவ. காலேஜி போக சொல்லோ கூட சட்டைல வாசன வந்துச்சு."

செல்வகுமார் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் தேடிக் கிடைத்ததைச் சொல்ல அதுதான் நல்ல நேரம் என்று தோன்றியது.

"அப்பா, வலது பக்கம் கொஞ்சம் அதிகமாத்தான் வருதாம். நூறு பேர எடுத்துக்கிட்டா அம்பத்தஞ்சு, அறுபது பேருக்கு வலது பக்கம். ஆனா அதுக்குக் காரணம் கையும் இல்ல, ரோடும் இல்ல. வலது நுரையீரல் கொஞ்சம் பெருசு. அதுல மூணு பாகம். இடதுல ரெண்டுதான். இதயத்துக்கு எடம் விட்டதுல அது சின்னதாப் போச்சு. பெருசா இருக்கற பக்கம் கொஞ்சம் அதிகமா வருது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"மூச்சுக் குழாய் அந்தப் பக்கம் அகலமா, நேரா எறங்குதுன்னும் சொல்றாங்க. உறுதியா யாரும் சொல்லல."

அப்பா பெட்டியைத் தாங்கியில் நிறுத்தினார். "அதாவது, பெரிய ஊடா பாத்து திருடன் பூந்துட்டான்."

"அப்படி வெச்சுக்கோயேன்."

"பெருசா இருந்ததுதான் தப்பா?"

"தப்புன்னு ஒண்ணும் இல்லப்பா."

அவர் முகத்தில் எதுவும் தெளியவில்லை. நான் சொன்னது நூறு பேரைப் பற்றியது. அவர் கேட்டது முனியனைப் பற்றி. அந்த நூறு பேரில் மீதி நாற்பது பேருக்கு இடது பக்கம் ஏன் என்று அவர் கேட்டிருந்தாலும் நான் திணறித்தான் இருப்பேன். எண்ணைச் சொன்னால் பயம் போய்விடும் என்று எனக்கு எப்படித் தோன்றியது? எனக்குப் போயிற்றா? இல்லை. அன்று மாலை, மடித்த துணிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற அம்மா படியேறும்போது ஒரு முறை இருமினார். மறுநாளே அவரை இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றுமில்லை. "காசு வேஸ்ட்டு, பஸ்ஸு வேஸ்ட்டு" என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தும் போதவில்லை.

திங்கட்கிழமை காலை நான் பையைத் தயார் செய்திருந்தேன். டம்ளர், துண்டு, லுங்கி, படங்கள் இருந்த பெரிய கவர். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா இல்லை. செருப்பும் இல்லை. போன் கட்டிலில் கிடந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். எனக்கு எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் பிடித்து முகப்பேர் போனேன். பாடி மேம்பாலத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

புங்கமரத்தடியில் வண்டி திறந்திருந்தது. அப்பா ஒரு பழைய தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தப்பாகத் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான் என்னவென்று புரிந்தது. பெட்டி இடது கையில் இருந்தது.

அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. கோணலாகப் போனது, முனை துணியில் மாட்டி மடங்கியது. வலது கை துணியைப் பிடிக்கத் தெரியாமல் குறுக்கே குறுக்கே வந்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் தணல் பட்டுச் சுட்டிருந்தது.

"என்னப்பா பண்ற? பெட்டு குடுத்துருக்காங்க, இன்னிக்குப் போகலன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"போவட்டும். அவனும் நோயாளிதான."

"வியாதி வந்த பிறகு கைய மாத்தினா, அது எழுந்து போயிடுமா? நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு?"

அவர் உறையை மடித்து வைத்தார். அடுத்த உறையை எடுத்து விரித்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து, அடுத்த வாரம் கேளுங்கள் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க இடது கைதான். தணல் கனிய வேண்டும், துணிகள் வர வேண்டும், இருமல் அடங்க வேண்டும்; அடங்கியதும் இடது கை பெட்டியை எடுக்கும். ஒரு குழந்தையின் பள்ளிச் சட்டையில் மஞ்சளாகப் பெட்டித் தடம் விழுந்தது. ஒரு பேன்ட்டுக்கு ஒரே காலில் இரண்டு மடிப்புக் கோடு. அம்மா மூட்டையிலிருந்து அதையெல்லாம் பொறுக்கி எடுத்துத் தான் மறுபடி தேய்த்தார். டாக்டரம்மா சொன்ன வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படியே ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்பா பெட்டியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே அது நகர்கிறது என்று தோன்றும். எழுந்து நடப்பேன். ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவேன்.

வியாழக்கிழமை மாலை இரண்டாம் மாடி ஷோபனா மேடம் இறங்கி வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அண்ணன் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். காலையில் கொடுத்த பட்டுப்புடவையை வாங்கிப்போக வந்தவர், வண்டிக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். அப்பா ஒரு வேட்டியை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன முனியன் இது? என் புடவையையும் இந்தக் கையாலயா தேய்ச்ச?"

"இல்லம்மா. உங்குளுத இன்னும் தொடல."

"தொட வேண்டாம், குடுத்துடு. கோவிச்சுக்காத. உனக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும். ஆனா நல்ல காரியத்துக்குக் கட்டற புடவை. பீச்சாங்கையால தேய்ச்சதுன்னு எங்க அண்ணிக்குத் தெரிஞ்சா..."

அப்பா வலது கையால் புடவையை எடுத்து நீட்டினார். மேடம் வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

"போதுமாய்யா? இருவது வருசமா அந்த ஊட்டுப் பொடவ நம்மகிட்டதான் வருது. கிறுக்கு புடிச்சிகிச்சா உனக்கு? வலது கை நல்லாத்தான கீது? அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

"இப்ப நல்லா கீது. அப்பால?"

"அப்பாலன்னா?"

அவர் பெட்டியை நிறுத்தினார். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மூணாவது மாடி லட்சுமணன் சார் தெரியுமில்ல? பேக்டரில இருந்து ரிட்டேரு ஆனவரு. அவருக்கும் இதே வலது பக்கம். அறுத்து எடுத்தாங்க. அப்பால ஒரு நாள் அவரு சட்ட ஒண்ண தேய்க்க சொல்லோ பாக்கறேன், இடது கைப் பட்டி தேஞ்சி நூலு நூலா வந்துகினு கீது. வலது கைப் பட்டி புதுசா கீது. அதுக்கு முன்னால அப்டி இல்ல. எல்லாருக்கும் வலது பக்கம்தான் மொதல்ல தேயும். எழுதறது, புடிக்கறது எல்லாம் அதுலதான? அன்னிக்கே புரிஞ்சிபோச்சு, அவரு வலது கை சும்மா தொங்கிகினு கீதுன்னு. டாட்டா காட்டறதே இடது கைலதான்."

தணலில் ஒரு கரி வெடித்தது.

"நூறு பேருக்குச் சொல்ற. எத்தினி பேருக்குக் கை போச்சுன்னு அதுல போட்டுக்கீதா? எனக்கு இந்தக் கைதான் ஆபீசு. அது போனா நான் படுத்துகினு உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துகினு இருக்கணும். அதான், மொதல்ல இதுக்குக் கத்துக் குடுத்துட்டு வரேன்னு..."

இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுட்ட புண்கள் பளபளத்தன.

நான் அத்தனை அட்டவணைகள் பார்த்திருந்தேன். அதில் எதிலும் கை என்று ஒரு கட்டம் இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"லட்சுமணன் சாருக்கு ஆபரேஷன் எப்பப்பா ஆச்சு?"

"அது... நீ ஒம்பதாவது படிக்க சொல்லோ."

"இன்னமும் சட்டை வருதா?"

"வருது. நேத்திக்குக் கூட ரெண்டு..."

அங்கேயே நிறுத்திவிட்டார். மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். லட்சுமணன் சாரின் கோடு போட்ட சட்டை மேலேயே இருந்தது. அம்மா அதை எடுத்து, வேண்டுமென்றே எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்துப் போட்டார்.

"சட்ட வந்துகினு தான்யா கீது" என்றார் அம்மா. "உன் சட்டய நான் யாருக்குத் தேய்க்கறது, சொல்லு."

மறுநாள் அப்பாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இந்த முறை கையைப் பற்றி அவரையே கேட்கச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பூசி மெழுகவும் இல்லை.

"கைய நாங்க தொட மாட்டோம். ஆனா முதுகுப் பக்கம் விலாவுக்கு நடுவுல திறக்கும்போது தோள் சதை கொஞ்சம் அடிபடும். ரெண்டு மூணு மாசம் கை தூக்க வலிக்கும். வலிக்குதேன்னு தொங்க விட்டா அப்படியே இறுகிடும். தினமும் சுவத்துல விரலால ஏறணும். அந்தக் கனமான பெட்டிய உடனே தூக்கக் கூடாது."

"ஏறினா கை வந்துருமா?"

"பெரும்பாலும் வந்துரும்."

"பெரும்பாலும்" என்று அப்பா திருப்பிச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இவளும் இப்டித்தான் பேசுவா" என்றார். ஆனால் தேதி கேட்டார். மறுபடி ஒரு திங்கட்கிழமை கிடைத்தது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. தன் வெள்ளைச் சட்டையை வண்டியில் மல்லாத்திப் போட்டார். முழுக்க இடது கையால் தேய்த்தார். முதுகு, முன்பக்கம், பட்டி, பிறகு கைகள். அம்மா பார்க்க மாட்டேன் என்று திரும்பி நின்றுகொண்டார். செல்வகுமார் மட்டும் ஓரமாக நின்று, "அண்ணாத்தே, ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுத்து மாதிரி கீது, ஆனா படிக்க முடியுது" என்றார். சட்டையின் வலது கையில் இரட்டைக் கோடு விழுந்திருந்தது. அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். திருத்தவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வலது கையால்தான்.

ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும் முன் ஒரு நர்ஸ் வந்து வலது மார்பில் பேனாவால் அம்புக்குறி போட்டார். பக்கம் மாறிவிடக் கூடாதாம். அப்பா குனிந்து அதைப் பார்த்தார். "பாக்கெட் இல்லாத பக்கம்மா" என்றார் நர்ஸிடம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே வந்து நின்ற இடம் தெரியாமல் நின்றேன்.

மேல் பகுதியை எடுத்துவிட்டார்கள். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அம்மா இப்போது மதியத்திலிருந்து வண்டியில் நிற்கிறார், கேஸ் பெட்டியோடு. டியூப்பு இழுக்கத்தான் செய்கிறது. ஷோபனா மேடம் புடவைகள் மறுபடி வருகின்றன. அப்பா மடிப்பார், கணக்குச் சொல்வார், நடுவில் எழுந்து குடியிருப்பின் மதில் சுவரிடம் போவார். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து எறும்பு மாதிரி மேலே ஏற்றுவார். முகம் கோணும். எட்டிய இடத்தில் இடது கையால் ஒரு கரித்துண்டை எடுத்துக் கோடு போடுவார்.

"இன்னா அண்ணாத்தே, மதிலேறிக் குதிச்சு ஓடப் போறியா?" என்று ஸ்டாண்டிலிருந்து குரல் வரும்.

"ஒங்கொக்கா ஊட்டுக்குத்தான்டா" என்பார் அப்பா.

சுவரில் கோடுகள் ஒழுங்காக ஏறவில்லை. சில நாள் முந்தின கோட்டுக்குக் கீழேதான் விழுகிறது. போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் நான் அங்கே இறங்கினேன். என் துப்பட்டா கசங்கியிருக்கிறது என்று அம்மா வாங்கித் தேய்த்தார். அப்பா சுவரில் ஏறிக்கொண்டிருந்தார். காதுக்கு நேராக வந்து நின்றது விரல்.

"அடுத்த ஸ்கேன் எப்போ?"

"அடுத்த மாசம்."

"வலது பக்கம் மட்டுமா பாப்பாங்க?"

"ரெண்டு பக்கமும்தான்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் அப்படியே கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை. விரல்களை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார். என்னிடம் திரும்பாமலே சொன்னார்:

"கரி எடு. கோடு நீ போடு."